தேடிப் போக ஆள் வேண்டும்

1

என் கணவர் முத்தையா இறந்த நாளில் ஒவ்வொரு வருடமும் தாராவி வீட்டில் படையல் போடுவேன். அவருக்குப் பிடித்த சாளை மீன் குழம்பும் அவித்த முட்டையும் வைத்து, சூடம் காட்டி முடித்ததும் அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் அந்தோணி. அவன் என் கணவரின் தம்பி இல்லை, சொந்தக்காரனும் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரன். என் கணவர் வேலை பார்த்த தோல்பைப் பட்டறையில் தையல் மெஷினில் இருந்தவன். நான் கல்யாணமாகி மும்பைக்கு வருவதற்கு முன்பிருந்தே என் கணவரை நேசித்தவன். அவரும் அவனை நேசித்தார். என்னைவிட இளையவன், அண்ணி முறை வைத்து என்னை மைனி என்று கூப்பிடுகிறவன் என்பதால் அவன் இவன் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களில் சிலர் இங்கேயே பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் பெயரை நான் போடவில்லை, மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். வெட்கப்பட்டு அல்ல. என் தங்கை பிள்ளைகளுக்கு இன்னும் கல்யாணம் ஆக வேண்டியிருக்கிறது. நம் ஊரில் ஒரு வீட்டுக்கு வந்த பேச்சு அடுத்த வீட்டு வாசல் வரை போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த வருடம் படையல் அன்று அந்தோணி சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னான்: “சென்டரப் பூட்டியாச்சு மைனி. காலைலதான் வீட்டுக்காரர்ட்ட சாவியக் குடுத்துட்டு வாரேன்.”

சென்டர் என்று அவன் சொன்னது, எங்கள் சந்துக்கு நாலைந்து சந்து தள்ளி, பிளாஸ்டிக் அரைக்கிற பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போகிற ஒற்றை அறை. கீழே நாள் முழுக்க மெஷின் சத்தம். மேலே பாய், மின்விசிறி, ஒரு பெரிய நிலைக்கண்ணாடி, மூலையில் ரத்தம் எடுக்கிற மேஜை. திருநங்கைகள் வருவார்கள். ஆண்கள்மேல் ஆசை கொண்ட ஆண்கள் வருவார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் மனைவி மக்கள் உண்டு. குளிப்பார்கள், தூங்குவார்கள், கண்ணாடிக்கு முன்னால் பொட்டு வைத்துப் பார்த்து அழித்துவிட்டுப் போவார்கள். அங்கேதான் எச்.ஐ.வி. சோதனை நடக்கும். இருக்கிறது என்று தெரிந்தால், அரசாங்க மருந்து மையத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் இருக்கும். அந்த ஆட்களில் ஒருவன் அந்தோணி.

அறையின் வாடகையும் அவர்கள் சம்பளமும் வெளிநாட்டுப் பணம். பணம் தந்துகொண்டிருந்த நாட்டில் கொள்கை மாறிவிட்டதாம். ஒரு நாள் காலையில் மெயில் வந்தது, செய்கிற வேலையை அப்படியே நிறுத்துங்கள் என்று. அன்றைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு முடிவைச் சொல்லலாமா கூடாதா என்றுகூட அதில் இல்லை. வாடகைக்குக் கொடுத்த டெபாசிட் கரையும்வரை அறை திறந்திருந்தது. அதற்குள் வேறு எங்காவது பணம் கேட்கலாம் என்று ஓடினோம். அந்த ஓட்டத்தில் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

2

முதலில் என் கதையைச் சொல்ல வேண்டும்.

மும்பையை வெளிநாடு என்றால் சிரிப்பீர்கள். ஆனால் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, ரேஷன் கடை ஜன்னலில் மராத்தியில் கேட்ட கேள்விக்கு இந்தியில் தப்பாகப் பதில் சொல்லி, பின்னால் நிற்கிறவர்கள் சிரிக்க, சர்க்கரை இல்லாமல் திரும்பிய எனக்கு அது வெளிநாடுதான். இப்போது மாட்டுங்காவில் ஒரு தமிழர் மளிகைக் கடையில் பில் போடுகிறேன். நாள் முழுக்கத் தமிழ் கேட்கிறேன். என் மகன் கார்த்தி இங்கேயே பிறந்தவன். தமிழ் பேசுவான், நடுநடுவே இந்தி விழும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் கடைப் பெயர்ப்பலகையோடு நின்றுவிடுவான்.

என் கணவர் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை என்னிடம்தான் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அந்தோணி கறி வாங்கிக்கொண்டு வருவான், மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர்கள் இருவருக்கும் நடுவில் என்ன இருந்தது என்பது கண்ணுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. மனசு ஒத்துக்கொள்ள வருடக்கணக்கானது.

அவர் காய்ச்சலும் இருமலுமாக மெலிய ஆரம்பித்தபோது டி.பி. என்றுதான் நினைத்தோம். பட்டறைக்குப் பக்கத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தின்றார். ரத்தம் சோதிக்கச் சொன்னால் மாட்டேன் என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் எப்படி வந்தது, யாரிடம் போனாய் என்று கேட்பார்கள் என்ற பயம். அந்தோணிக்கும் அப்போது எதுவும் தெரியாது. ஏணி ஏறிப் போகிற அறை அப்போது கிடையாது. கடைசியில் முனிசிபல் ஆஸ்பத்திரிக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனது அந்தோணி. போன வருடம் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார்.

வார்டில் அவருக்கு மலம் அள்ளியதும் உடம்பு துடைத்ததும் அந்தோணிதான். அவருடைய அண்ணன்மார் வாசலில் நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள். இறந்தபிறகு உரிமையோடு வந்தவர்களும் அவர்கள்தான். அந்தோணியைச் சுடுகாட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சாம்பல் ஆறும்வரை அவன் ரோட்டில் நின்றான்.

சோதித்தபோது எனக்கும் எச்.ஐ.வி. இருந்தது. கார்த்திக்கு இல்லை. அந்தோணிக்கும் இருந்தது.

அவனைக் கொன்றுபோடலாம் என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. அதை அவனிடமே சொன்னேன். அவன் மருந்து மையத்து வரிசையில் எனக்காகக் காலையிலிருந்து இடம் பிடித்து நின்றிருந்தான்.

“கொல்லுங்க மைனி. முதல்ல மாத்திரைய வாங்கி முழுங்குங்க. தெம்பு வந்த பெறகு கொல்லுங்க.”

ஊருக்கும் போய்ப் பார்த்தேன். என் அண்ணன் வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அது பரவாயில்லை. கார்த்தியைத் தன் பிள்ளைகளோடு தொட்டியில் குளிக்க விடாமல், ஒரு வாளியைத் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய் வைத்தாள் என் அண்ணன் மனைவி. நான் அன்றைக்கே பெட்டியைக் கட்டினேன். தாதரில் ரயில் நின்றபோது பிளாட்பாரத்தில் அந்தோணி இருந்தான். என் தங்கை போன் செய்திருக்கிறாள். அவன் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

மருந்து மையத்தில் என்னைப் பதிவு செய்த குமாஸ்தா, எந்த வகை என்ற இடத்தில் ‘பொது’ என்று எழுதினார். அந்தோணி வேறு வகை. வெளிநாட்டுப் பணம் வந்தது அந்த வேறு வகைக்குத்தான், எனக்கு இல்லை. ஆனால் மாத்திரை தின்று வாந்தியெடுத்து நான் விட்டுவிடப் பார்த்தபோதெல்லாம் கதவைத் தட்டியவன், பிற்பாடு அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கி, என்னைப்போல் இன்னும் எத்தனையோ வீட்டுக் கதவுகளைத் தட்டினான். இன்றைக்கு என் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவில் இருக்கிறது. கடையில் என்னோடு நிற்கிற பெண்களைவிட எனக்குச் சளி பிடிப்பது குறைவு.

3

சம்பளம் நின்றதும் அந்தோணி டோம்பிவிலியில் கட்டி முடியாத ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போனான். வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த நாளில் வந்து சென்டரைத் திறப்பான். அங்கே ஒரு தடவை யாரோ பேச்சுவாக்கில், பரமசிவனைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

பரமசிவன் கல்யாண மண்டபங்களுக்குச் சமைக்கிறவர். தென்காசிக்காரர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் உண்டு. மாதத்துக்கு ஒரு முறை, மளிகை வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தாராவிக்கு வருவார். சென்டரில் அரை நாள் படுத்துத் தூங்குவார். அந்தோணியோடு போய் மாத்திரை வாங்கிக்கொண்டு, உண்மையிலேயே இரண்டு கிலோ புளியும் வாங்கிக்கொண்டு திரும்புவார்.

முகூர்த்த மாதங்களில் வேலைக்கு நடுவே ஒரு தடவை மருந்து மையத்துக்குப் போகத் தவறிவிட்டது. அடுத்த மாதம் போனால் ஏன் வரவில்லை என்று எல்லார் முன்னாலும் திட்டுவார்கள். முன்பெல்லாம் அந்தத் திட்டை வாங்கிக்கொள்ள அந்தோணி கூட நிற்பான். இப்போது போன் செய்து கேட்கவும் ஆள் இல்லை. பயத்தில் அடுத்த மாதமும் போகவில்லை. அதற்குப் பிறகு போகவே இல்லை.

அந்தோணி தேடிப் போனபோது அவர் வீடு மாறியிருந்தார். விசாரித்து, தான் காவல் இருக்கிற டோம்பிவிலியிலேயே கண்டுபிடித்தான். கட்டிலில் கிடந்தவருக்கு இவன் யார் என்று தெரியவில்லை. டி.பி. மூளைக்கு ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் நினைவு திரும்பாமலே போய்விட்டார். வார்டுக்கு வெளியே அவர் மனைவி லெட்சுமி, நீங்கள் யார் என்று கேட்டபோது அந்தோணி, கூடச் சமையல் வேலை பார்த்தவன் என்று சொல்லியிருக்கிறான். அவன் மனசுக்குள் என் வீட்டுக்காரர் கிடந்த வார்டை நினைத்திருப்பான்.

அன்று சாயங்காலம் நேராக என் கடைக்கு வந்தான். மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தணிந்த குரலில் சொன்னான்.

“அந்த லெட்சுமிப் பிள்ளைக்கும் டெஸ்ட் எடுக்கணும் மைனி. என்னத்தன்னு நான் போய்ச் சொல்லுவேன்? நீங்கதான் வரணும்.”

நான் போனேன். பதினாறாம் நாள் கழிந்த வீடு. லெட்சுமி என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். எனக்கும் இருக்கிறது, என் வீட்டுக்காரரும் இதில்தான் போனார் என்று நான் சொன்னபிறகு, அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சோதனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். அவளுக்கு இருந்தது. பிள்ளைகளுக்கு இல்லை. புருஷனுக்கு எப்படி வந்தது என்று அவள் கேட்கவே இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் வேறொன்று கேட்டாள்.

“அவிய மாத்திரைய விட்டது யாருக்குமேவா தெரியாமப் போச்சு, அக்கா?”

முன்பென்றால் தெரிந்திருக்கும்.

4

சென்டரை நடத்திய அமைப்பின் அலுவலகம் செம்பூரில் இருக்கிறது. அங்கே ஸ்நேஹா என்ற மராத்திப் பெண் நிதி கேட்டு எழுதுகிற வேலையில் இருந்தாள். அவளுக்கும் சம்பளம் நின்றிருந்தது, ஆனாலும் வந்துகொண்டிருந்தாள். ஐரோப்பாவில் ஓர் அறக்கட்டளை, கம்ப்யூட்டர் வழியாக எங்கள் பேச்சைக் கேட்கச் சம்மதித்திருக்கிறது என்று கூப்பிட்டாள். அந்தோணி பேச வேண்டும். கூடவே ஒரு பெண்ணும் பேசினால் நல்லது என்றாள். லெட்சுமியோடு ரயிலில் வந்த பிறகு எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

ஒத்திகை வைத்தார்கள். நான் இந்தியில் சொல்ல, ஒரு மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். காய்கறிக்காரனோடு பேரம் பேசவும் லோக்கல் ரயிலில் இடத்துக்குச் சண்டை போடவும் எனக்கு இந்தி போதும். இதற்குப் போதவில்லை. அந்தோணியைக் காட்டி, “ஏ மேரே ஆத்மி கா ஆத்மி தா” என்றேன். என் ஆளுடைய ஆள் என்ற அர்த்தத்தில். பம்பாய் இந்தியில் ஆத்மி என்றால் மனிதன், புருஷன், வேலைக்காரன் எல்லாமே அதுதான். மொழிபெயர்ப்பாளர் நல்ல மனசோடு, இவர் அந்தப் பெண்ணின் கணவரிடம் வேலை பார்த்தவர் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

ஸ்நேஹா அதைத் திருப்பிச் சொன்னதும் அந்தோணி கண்ணில் நீர் வரச் சிரித்தான். “ஒரு மாசம்கூட சம்பளம் தரலியே மைனி, உங்க வீட்டுக்காரர்” என்றான். நானும் சிரித்தேன்.

தமிழில்தான் என்னால் சொல்ல முடியும் என்று ஸ்நேஹாவிடம் சொன்னேன். தமிழும் ஆங்கிலமும் தெரிந்து, கேட்டதை வெளியே சொல்லாத ஆள் யார் இருக்கிறார் என்று அவள் கேட்டாள். கார்த்தி ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வெள்ளைக்காரர்களோடு நாள் முழுக்க போனில் பேசுவதுதான் அவன் வேலை. அவன் பெயரைச் சொன்னேன். என் நோய் அவனுக்குத் தெரியும். அப்பா எதில் இறந்தார் என்பதும் தெரியும். அந்தோணி யார் என்பது மட்டும் தெரியாது. அவனைப் பொறுத்தவரை அந்தோணி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் விட்ட சித்தப்பா.

5

கார்த்தி ஐரோலியில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அறையில் மற்ற பையன்கள் இருந்ததால், கழிமுகத்தை ஒட்டிய பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனான். சேற்றில் கால் புதைய நாரைகள் நின்றன. நான் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொல்லி, மொழிபெயர்க்க வரச் சொல்லிக் கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. சொல்லி முடித்தபின் கேட்டான்.

“அப்பாவும் சித்தப்பாவுமா?”

“ஆமா.”

“உனக்குத் தெரியுமா, அப்பவே?”

“தெரியும்.”

“ரெண்டு பேரும் சேந்து உன்ன ஏமாத்தியிருக்காங்க. தோக்கா, மா. அப்புறம் எதுக்கு அவங்களுக்காகப் போய்ப் பேசுற?”

மனசில் இருந்ததைச் சொன்னேன். “ஏமாத்தினாவதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா உங்கப்பா ஆசப்பட்டு என்னக் கட்டல. ஊரு பேசும்னு பயந்து கட்டினாவ. அதே பயத்துலதான் ஆஸ்பத்திரிக்குப் போகாமச் செத்தாவ. அந்தப் பயம் இன்னும் அப்படியேதான் இருக்கு. இப்ப டோம்பிவிலியில இன்னொரு பொம்பளைக்கு நடந்துருக்கு.”

அவன் ஸ்டேஷன்வரை வந்து, எனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். வருவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க என் போனை எடுக்கவில்லை.

6

ஆனால் வந்தான். செம்பூர் அலுவலகத்தில் நாங்கள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. இரவு வேலை முடித்து நேராக வந்திருக்கிறான். அந்தோணி அவனைப் பார்த்துத் தலையசைத்தான். கார்த்தி திரையைப் பார்த்தான்.

முதலில் அந்தோணி இந்தியில் பேசினான், ஸ்நேஹா ஆங்கிலத்தில் சொன்னாள். மாத்திரையை அரசாங்கம் கொடுக்கிறது, அந்த மாத்திரை இருக்கிற இடத்துக்கு வரப் பயப்படுகிறவனைத் தேடிப் போவதற்குத்தான் பணம் கேட்கிறோம் என்றான். யார் பயப்படுகிறார்கள், எங்கே ஒளிகிறார்கள் என்பது அப்படி ஒளிந்திருந்தவனுக்குத்தான் தெரியும் என்றான். பரமசிவன் பெயரைச் சொல்லாமல் அவர் கதையைச் சொன்னான்.

பிறகு நான். என் கல்யாணம், அவர் நோய், சுடுகாட்டு வாசல், ஊரில் வைத்த வாளி. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கார்த்தி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனான். அதிகம் புரியாவிட்டாலும் சில வார்த்தைகள் எனக்குப் பிடிபடும். அவருடைய கணவர், அவருடைய கணவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். யாரோ ஒரு வாடிக்கையாளரின் புகாரைப் படிப்பது போன்ற குரல்.

திரையில் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள் ஒருவர் இருந்தார். முகத்தில் கனிவு இருந்தது. அவர் ஒரு கேள்வி கேட்டார். எங்களிடம் பணம் குறைவு, உங்களைப் போன்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நேரடியாகக் கொடுப்பதுதான் நியாயம் என்று எங்களில் சிலர் நினைக்கிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. கார்த்தி அதைத் தமிழில் என்னிடம் சொன்னபோது அவன் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

நான் சொன்னேன்: “எனக்கு இப்பக் குடுத்து என்ன செய்ய, அம்மா? எனக்கு வந்தாச்சு. அவிய பயமில்லாமப் போய்ப் படுக்க, ஒரு சொட்டு ரத்தம் குடுக்க அன்னைக்கு ஒரு ரூம்பு இருந்திருந்தா, எனக்கு வந்தே இருக்காது. அவங்களுக்குக் குடுங்க. எங்களுக்குக் குடுத்த மாதிரிதான்.”

கார்த்தி நிமிர்ந்து மொழிபெயர்க்க ஆரம்பித்தபோது, அவருடைய கணவர் என்று சொல்லவில்லை. ‘மை ஃபாதர்’ என்றான். அந்த இரண்டு வார்த்தை எனக்குத் தெரியும். நான் சொன்னதைவிட அதிகமாகவே எதையோ சொன்னான். அந்தோணியின் பக்கம் கையைக் காட்டியும் ஏதோ சொன்னான். திரையில் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

என்ன சொன்னான் என்று பிறகு ஸ்நேஹாவிடம் கேட்டேன். “என் அப்பா நேசித்த ஆள் இவர். அப்பா பயப்படாமல் இதைத் தன் வாயால் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். ஆனால் அவர் உயிரோடிருந்திருப்பார்” என்று சொன்னானாம்.

முடிந்ததும் அந்தோணி குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வர நேரமெடுத்தது. அவன் வருவதற்குள் கார்த்தி ரயிலேறிப் போய்விட்டான்.

7

சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. ஸ்நேஹா போனில் வாசித்தாள். எங்கள் பேச்சு அவர்களை மிகவும் நெகிழவைத்ததாம். இந்தச் சுற்றில் அவர்களுடைய முன்னுரிமைகள் வேறாம். நான் பேசியதை, முகம் காட்டாமல், அவர்கள் ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்ள அனுமதி தருவேனா என்று கேட்டிருந்தார்கள். போட்டுக்கொள்ளட்டும் என்றேன். வேறு ஏதாவது ஊரில், வேறு யாருக்காவது கொடுக்க அது உதவினால் போதும்.

டெபாசிட்டும் தீர்ந்தது. பாயையும் மின்விசிறியையும் ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். நிலைக்கண்ணாடியை அந்த ஏணி வழியாக இறக்க முடியாமல் விட்டுவிட்டு வந்தார்கள்.

ஊரில் சிலர் கேட்பீர்கள், இந்த ஆட்களுக்கு எதற்கு வெளிநாட்டுப் பணம், நம் அரசாங்கம் இல்லையா, நம் பணக்காரர்கள் இல்லையா என்று. நம் பணக்காரர்களை எனக்குத் தெரியும். பில் போடுகிற மேஜையில் நன்கொடை ரசீதுகளைப் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குக் கொடுப்பார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பார்கள், அன்னதானத்துக்குக் கொடுப்பார்கள். தன் தெருவிலேயே ஒளிந்து வாழ்கிற ஒருவனுக்கு, அவன் இருக்கிறான் என்று ஒத்துக்கொண்டு, கொடுக்க மாட்டார்கள். அரசாங்கம் மருந்து தருகிறது, நான் நன்றி கெட்டவள் இல்லை. ஆனால் ஆள் தேடிப் போவதற்கு அது தருவது பாதித் தூரத்துக்குத்தான் வருகிறது. மீதித் தூரத்துக்கு யார் தந்தாலும் கை நீட்டி வாங்கிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. நிறுத்தாதீர்கள் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்பேன்.

கார்த்தி படையலுக்கு வரவில்லை. வராமல் இருந்தது இதுதான் முதல் தடவை. அவனுக்கு அவன் அப்பாவைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது, அதற்கு நாளாகும் என்று எடுத்துக்கொண்டேன். என்னோடு பேசுகிறான். சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவை கேட்டான்.

சித்தப்பா நன்றாக இல்லை. படையல் முடிந்த சில வாரங்களில் லெட்சுமிதான் போன் செய்து சொன்னாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் அந்தோணி காவல் இருக்கிற கட்டடம். முகமெல்லாம் வற்றிப்போய்க் கிடக்கிறார் என்றாள். கடையில் அரை நாள் லீவு கேட்டு, கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே தகரத்தில் ஒரு அறை. மத்தியான வெயிலில் கொதித்தது. அவன் மாத்திரை டப்பாவை எடுத்துப் பார்த்தேன், முழுசாக இருந்தது.

“என்னல இது?” என்று கேட்டேன். அவனை அப்படி ‘ல’ போட்டு அதட்டியது அதுவரை இல்லை.

“விட்டுப்போச்சு மைனி. எல்லாருக்கும் போன் பண்ணிப் பண்ணி நான் முழுங்குவேன். முழுங்கினியான்னு கேட்டா, நீ முழுங்கினியான்னு அவன் திருப்பிக் கேப்பான். இப்பக் கேக்க ஆளு இல்ல.”

கஞ்சியைக் குடிக்கவைத்து, என் கண் முன்னால் மாத்திரையை முழுங்கவைத்தேன். நாளைக் காலையில் மருந்து மையத்துக்கு நான் கூட வருவதாகச் சொன்னேன். அவன் சரி என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனான். ஈ உட்காராமல் துண்டால் விசிறிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவன் போன் அடித்தது. எழுப்ப மனசில்லாமல் நான் எடுத்தேன். ஆண் குரல், இந்தியில், தெருச் சத்தத்துக்கு நடுவே ரகசியமாகப் பேசுகிற குரல்.

“அந்தோணி அண்ணா? சென்டர்ல பூட்டு தொங்குது. வேற எங்க மாத்தியிருக்கீங்க? எங்கிட்ட மாத்திரை ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு.”

அந்தோணி தூங்குகிறான், நான் அவன் வீட்டு ஆள்தான், நீ எங்கே இருக்கிறாய், நான் கூட்டிப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் அவசர அவசரமாகச் சொன்னேன். பெண் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ஒரு ஆட்டோ ஹாரன் கேட்டது. பிறகு வைத்துவிட்டான்.

அந்த எண்ணுக்குத் திரும்ப அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன்.